யார் போன் அடிக்க வேண்டும்? ஜாபிக்ஸ் அலர்ட்டோடு எட்டு மாதம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. நானும் ஒரு உதவியாளப் பையனும், அவ்வளவுதான் எங்கள் ஐடி டிபார்ட்மென்ட். மூன்று யூனிட், ஈஆர்பி சர்வர், டேலி சர்வர், டிசைன் ஃபைல்கள் கிடக்கும் ஸ்டோரேஜ், வாசலில் கைரேகை மெஷின், கேமரா ரெக்கார்டர், சுவிட்சுகள், யுபிஎஸ்கள் என்று ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே சாதனங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் நாகியோஸ் போட்டு வைத்திருந்தார், சாதனங்களைக் கண்காணித்து ஏதாவது விழுந்தால் சொல்லும் சாஃப்ட்வேர். அது நன்றாகத்தான் ஓடியது, ஆனால் எல்லா அலர்ட்டும் ஒரே மெயில் பெட்டிக்குப் போனது, அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. நான் சேர்ந்த அன்று அதில் படிக்காத மெயில் பதினோராயிரம் சொச்சம். சர்வர் விழுந்தால் முதலில் தெரிவது பேக்கிங் சூப்பர்வைசருக்கு, அவர் முதலாளியிடம் சொல்வார், முதலாளி என்னைக் கூப்பிடுவார். இதுதான் எங்கள் மானிட்டரிங்.

அங்கிருந்து ஜாபிக்ஸ் 7.0க்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. இதுவும் கண்காணிப்பு சாஃப்ட்வேர்தான், லாட்வியாக்காரர்களுடையது, முதலில் வெளியே வந்தது 2001ல். இலவசம், காசு கொடுத்தால்தான் இந்த வசதி என்று எதையும் பூட்டி வைக்கவில்லை, அதுவே எங்கள் மாதிரி இடத்துக்குப் பெரிய விஷயம். கிராஃப், டாஷ்போர்டு பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. யாருக்கு எந்த அலர்ட், எத்தனை மணிக்கு, எந்த வழியில் என்று பிரித்துக் கொடுக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மாறியதே அதற்காகத்தான்.

எங்கள் ஆட்களைச் சொன்னால்தான் மீதி புரியும். நானும் பையனும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், ஆனால் இரவில் வாரத்துக்கு ஒருவர்தான். யுபிஎஸ், ஜெனரேட்டர் பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது, பட்டன் போன், எஸ்எம்எஸ் மட்டும். நெட்வொர்க் கான்ட்ராக்ட் எடுத்தவர் வெளி ஆள், அவருக்கு இணைய லைனும் சுவிட்சும் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. அக்கவுன்ட்ஸ் அக்காவுக்கு டேலி சர்வர் மட்டும், அதுவும் ஆபீஸ் நேரத்தில். கடைசியில் முதலாளி. "எல்லாம் எனக்கும் வரணும் தம்பி" என்றார், ஒரே வாரத்தில் "எதுவும் வேண்டாம், நெசமாவே பெரிசா ஏதாச்சும் ஆனா மட்டும் சொல்லு" என்று இறங்கி வந்தார்.

ஜாபிக்ஸில் ஒரு அலர்ட் ஒருவர் கைக்குப் போய்ச் சேர நாலு செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். முதலில் ட்ரிகர், எது நடந்தால் பிரச்சினை என்று சொல்லும் விதி. அதற்கு ஒரு சிவியரிட்டி, அதாவது தீவிர அளவு, இருக்கும்: நாட் கிளாசிஃபைட், இன்ஃபர்மேஷன், வார்னிங், ஆவரேஜ், ஹை, டிசாஸ்டர் என்று ஆறு. அடுத்தது ஆக்‌ஷன், இன்ன நிபந்தனை பொருந்தினால் இன்னாருக்கு அனுப்பு என்பது. மூன்றாவது அந்த ஆளின் யூசர் கணக்கில் இருக்கும் மீடியா: எந்த நம்பர், எந்தக் கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்த சிவியரிட்டிக்கு டிக். நாலாவது பெர்மிஷன், அதாவது அந்த ஹோஸ்ட்டை (கண்காணிக்கப்படும் சாதனத்தை) பார்க்க அந்த யூசருக்கு அனுமதி இருக்கிறதா என்பது. நாலும் நாலு வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன. ஒரு ஆள் பெயரைத் தட்டினால் "இவருக்கு இதெல்லாம் போகும்" என்று காட்டும் ஒரே பக்கம் கிடையாது. என் பெரிய குறை இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

நாலாவது செக்போஸ்ட்டில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு யூசர் போட்டேன், மின்சாரம் என்று ஒரு யூசர் குரூப் போட்டேன், எஸ்எம்எஸ் மீடியா சேர்த்தேன், ஆக்‌ஷனில் குரூப்பைக் காட்டினேன். யுபிஎஸ்ஸை ஆஃப் செய்து பார்த்தால் எனக்கு டெலிகிராமில் டொய்ங் என்று வருகிறது, அவருக்கு எதுவும் இல்லை. மீடியா பக்கத்தில் டெஸ்ட் பட்டன் இருக்கிறதே என்று அழுத்தினால் எஸ்எம்எஸ் போகிறது! அந்த டெஸ்ட், வழி திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், இந்த யூசருக்கு இந்த அலர்ட் போகுமா என்று பார்க்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆக்‌ஷன் லாக்கில் அவர் பெயரே இல்லை. மீடியா இல்லாமல் விட்டிருந்தாலாவது யூசருக்கு மீடியா இல்லை என்று ஒரு வரி எழுதும், பெர்மிஷன் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். யூசர் குரூப்புக்கு யுபிஎஸ் ஹோஸ்ட் குரூப்பில் ரீட் பெர்மிஷன் கொடுத்ததும் போனது. கையேட்டில் இது எழுதியிருக்கிறது, படிக்காதது என் தப்பு. நான் சூப்பர் அட்மின், எல்லா ஹோஸ்ட்டையும் பார்க்க எனக்கு அனுமதி உண்டு என்பதால் என் போனில் டெஸ்ட் செய்து பிரயோஜனமே இல்லை. அந்த ஆளின் போனைக் கையில் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

சிவியரிட்டி விஷயம் வேறு மாதிரி. கூடவே வரும் டெம்ப்ளேட்டுகளை (தயார் நிலை ட்ரிகர் தொகுப்புகளை) அப்படியே போட்டால் பிங் போகவில்லை, அதாவது சாதனம் நெட்வொர்க்கில் பதில் தரவில்லை என்பது ஹை, சர்வருக்குள் ஓடும் ஜாபிக்ஸின் ஏஜென்ட் புரோகிராம் பதில் சொல்லவில்லை என்பது ஆவரேஜ், டிஸ்க் நிரம்பப் போகிறது என்பது வார்னிங், ரொம்ப நிரம்பிவிட்டது என்பது ஆவரேஜ். ஈஆர்பி சர்வர் பிங் போகாவிட்டாலும் ஹை, கேன்டீன் கைரேகை மெஷின் பிங் போகாவிட்டாலும் ஹை. முதலாளிக்கு டிசாஸ்டர் மட்டும் டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன், டிசாஸ்டர் என்று ஒன்று எங்கள் சிஸ்டத்திலேயே இல்லை என்பதால் அவருக்கு ஒரு மாதம் ஒன்றுமே வரவில்லை, அவரும் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார். டெம்ப்ளேட்டிலிருந்து வந்த ட்ரிகராக இருந்தாலும் அந்த ஹோஸ்ட்டில் மட்டும் சிவியரிட்டியை மாற்றலாம். ஈஆர்பிக்கும் மெயின் யுபிஎஸ்ஸுக்கும் அப்படி ஏற்றி வைத்தேன். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

ஆட்களைப் பிரிக்க முதலில் ஹோஸ்ட் குரூப் வழியில் போனேன், அது சரிப்படவில்லை. ஒரே சர்வரில் டேலியும் இருக்கும், பேக்கப்பும் இருக்கும். டேலி நின்றால் அக்காவுக்குத் தெரிய வேண்டும், பேக்கப் தோற்றால் அவருக்கு ஏன்? டேக், அதாவது ஒட்டும் லேபிள் மாதிரி ஒன்று, வைத்துப் பிரித்ததும் வேலை சுலபமானது. ட்ரிகரில் பொறுப்பு என்று ஒரு டேக், அதன் மதிப்பு மின்சாரம், லைன், கணக்கு, ஐடி. ஆக்‌ஷனின் நிபந்தனையில் அந்த டேக்கைக் கேட்டால் போதும். தமிழிலேயே டேக் பெயர் வைத்தேன், ஒரு தகராறும் இல்லை. இன்னொன்று, ஆக்‌ஷனில் தனி யூசரைக் காட்டாமல் எப்போதும் யூசர் குரூப்பைக் காட்டுங்கள். நெட்வொர்க் கான்ட்ராக்டரின் ஆள் மாறியபோது பழைய யூசரை அழிக்கப் போனால் இவர் இந்த ஆக்‌ஷனில் இருக்கிறார், அழிக்க முடியாது என்று மறித்தது. குரூப்பாக இருந்தால் உள்ளே ஆளை மாற்றினால் முடிந்தது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, எஸ்கலேஷன்: ஒருவர் கவனிக்காவிட்டால் அடுத்தவருக்குச் சொல்வது. ஒரு ஆக்‌ஷனுக்குள் படிகள் வைக்கலாம். ஈஆர்பிக்கு ஒரு படி ஐந்து நிமிடம் என்று வைத்திருக்கிறேன். முதல் படியில் அந்த வாரம் யார் முறையோ அவருக்கு டெலிகிராம். மூன்றாம் படியில், அதாவது பத்து நிமிடம் கழித்து, இன்னும் யாரும் அக்னாலெட்ஜ் செய்யாமல் (பார்த்துவிட்டேன் என்று குறிக்காமல்) இருந்தால் எங்கள் இருவருக்கும் எஸ்எம்எஸ். ஏழாம் படியில், அரை மணி நேரம் ஆனதும், முதலாளிக்கு. நாகியோஸிலும் எஸ்கலேஷன் உண்டு, ஆனால் அங்கே எஸ்கலேஷனில் ஒருவரைக் காட்டினால் அந்தக் கட்டத்தில் பழைய ஆட்களுக்குப் போவது நின்றுவிடும், அவர்களையும் மறுபடி எழுத வேண்டும். இங்கே ஒவ்வொரு படியும் தனித்தனி, யார் எதுவரை என்று நாமே போட்டுக்கொள்ளலாம், முடிவுப் படியில் 0 போட்டால் சரியாகும் வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: படியின் நேரம் மாற்றாமல் விட்டால் ஒரு மணி நேரம். அதைக் கவனிக்காமல் மூன்றாம் படி, நாலாம் படி என்று அடுக்கினேன், ஒரு சனிக்கிழமை இரவு பையன் தூங்கிவிட்டான், எனக்கு வர வேண்டிய அலர்ட் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது.

பிரச்சினை தீர்ந்ததும் போகும் செய்தியில் ஒரு அருமையான வசதி இருக்கிறது: சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சொல் என்று ஒரு தேர்வு. பிரச்சினை பற்றி யாருக்கெல்லாம் செய்தி போனதோ அவர்களுக்கு மட்டும் தீர்ந்தது என்று போகும். ஆரம்பத்தில் இது தெரியாமல் தீர்ந்த செய்தியை எல்லா குரூப்புக்கும் அனுப்பி வைத்திருந்தேன். இரவு பத்தரைக்கு ஈஆர்பி மூன்று நிமிடம் நின்று தானாக எழுந்துகொண்டது, முதலாளிக்கு "ஈஆர்பி சரியாகிவிட்டது" என்று போய், "எப்போ தம்பி கெட்டுப் போச்சு?" என்று போன். அந்தத் தேர்வை மாற்றினேன், அந்த மாதிரி போன் நின்றது. அதேபோல் அக்னாலெட்ஜ் செய்து குறிப்பு எழுதினால் அதையும் மற்றவர்களுக்கு அனுப்பலாம். "நான் பார்க்கிறேன், தூங்குங்கள்" என்று ஒருவர் எழுதினால் இன்னொருவர் தூங்கலாம். ஆனால் அந்த அக்னாலெட்ஜை டெலிகிராமிலிருந்தே தட்ட வழி கூடவே வருவதில்லை, விபிஎன் போட்டு, பிரவுசர் திறந்து, உள்ளே போய்... ராத்திரி இரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் இது ஒரு பெரிய வேலை.

நேரம் குறிக்கும் இடத்தில் ஜாபிக்ஸ் நாகியோஸிடம் தோற்கிறது. மீடியாவில் கிழமை, மணி மட்டும்தான் போட முடியும், 1-6,09:00-19:00 என்றால் திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பதிலிருந்து ஏழு. அக்கவுன்ட்ஸ் அக்காவுக்கு இது போதும், மாதத்தில் இரண்டு நாள் தவிர. ஜிஎஸ்டி ரிட்டர்ன் 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று. அந்த நாட்களில் அவர் இரவு பதினொன்று வரை உட்கார்ந்திருப்பார், அப்போது டேலி சர்வர் விழுந்தால் அவருக்கு உடனே தெரிய வேண்டும். நாகியோஸின் டைம்பீரியடில் ஒவ்வொரு மாதமும் 20ஆம் நாள் என்று ஒரு வரி எழுதினால் முடிந்திருக்கும். இங்கே தேதி என்பதே கிடையாது. இரவு நேரத்துக்கு இரண்டாவது மீடியா ஒன்று போட்டு அணைத்து வைத்திருக்கிறேன், அந்த நாட்களில் கையால் திறந்துவிட்டு மறுநாள் மூடுகிறேன். இந்தக் காலத்தில் இப்படி.

இந்த நேரக் கணக்கு அந்த யூசரின் டைம்ஸோனை வைத்துத்தான் நடக்கும், சர்வரின் டைம்ஸோனை வைத்து இல்லை. யாராவது யூசரின் டைம்ஸோனை மாற்றி வைத்திருந்தால் ஒன்பது மணி ஒன்பது மணியாக இருக்காது, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிகளைப் பற்றி. எல்லோரும் முதலில் கேட்பது "வாட்ஸ்அப்பில் வராதா?" அதற்கு பிசினஸ் ஏபிஐ கணக்கு வேண்டும், செய்தியின் வார்ப்பை முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், காசும் உண்டு; நாங்கள் போகவில்லை. டெலிகிராம் இலவசம், ஜாபிக்ஸிலேயே அதற்கான மீடியா வந்துவிடுகிறது, டெலிகிராமிலேயே இருக்கும் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் ஒரு பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) வாங்கி, அது தரும் டோக்கனை ஒட்டினால் ஆச்சு. இரண்டே சிக்கல். ஒன்று, பாட் தானாக யாரிடமும் பேச்சைத் தொடங்காது, ஒவ்வொருவரும் ஒருமுறை ஸ்டார்ட் தட்ட வேண்டும். இரண்டு, சாதாரண குரூப் சூப்பர்குரூப்பாக மாறினால் அதன் ஐடி மாறிவிடும், பழைய ஐடிக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் குரூப்பில் ஏதோ செட்டிங்கைப் பையன் தட்டிவிட அப்படி ஒரு நாள் மௌனமாகிவிட்டது.

எஸ்எம்எஸ்தான் தலைவலி. முதலில் ஒரு பல்க் எஸ்எம்எஸ் கம்பெனியிடம் போனோம். டிஎல்டி பதிவு (மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டிய பதிவு), அனுப்புநர் பெயர் பதிவு, அப்புறம் ஒவ்வொரு செய்தி வார்ப்பும் பதிவு. அலர்ட் என்பது ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கும், பதிந்த வார்ப்போடு ஒரு இடம் பொருந்தாவிட்டாலும் செய்தி போகாது. பாதி செய்தி வழியிலேயே செத்தது. அப்புறம்தான் ஜாபிக்ஸிலேயே ஜிஎஸ்எம் மோடம் வழியாக நேரடியாக எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி இருப்பதைப் பார்த்தேன். ஒரு யுஎஸ்பி மோடம், ஒரு சாதாரண சிம். சிம்மின் பின் நம்பரை எடுத்துவிட வேண்டும், ஜாபிக்ஸ் யூசருக்கு அந்த போர்ட்டைத் தொட அனுமதி கொடுக்க வேண்டும், எங்கள் உபுண்டுவில் டயல்அவுட் குரூப்பில் சேர்த்தேன். யாருக்கு அனுப்பு என்று சொல்லும் ஒவ்வொரு ஆபரேஷனிலும் தனிச் செய்தி எழுதும் வசதி இருப்பதால் டெலிகிராமுக்குத் தமிழிலும், எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அவர் படிக்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் நாலே வார்த்தையிலும் அனுப்புகிறேன்: எந்த யூனிட், யுபிஎஸ் பேட்டரியில் ஓடுகிறது, எத்தனை மணி.

மோடம் வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இணைய லைன் போனால் நெட்வொர்க் கான்ட்ராக்டருக்கு டெலிகிராம் போக வேண்டும் என்று அழகாக அமைத்திருந்தேன். லைன் போனது. லைன் போனது என்ற செய்தி அந்த லைன் வழியாகத்தானே போக வேண்டும்! ஜாபிக்ஸ் மாற்றாமல் விட்டால் பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை முயன்று பார்க்கும், அப்புறம் தோற்றது என்று லாக்கில் எழுதிவிட்டு விட்டுவிடும். நாற்பது நிமிடம் கழித்து லைன் வந்தபோதும் அந்தச் செய்தி போகவில்லை, தீர்ந்தது என்ற செய்தி மட்டும் போனது. முயற்சி எண்ணிக்கையை 100 வரை ஏற்றலாம், இடைவெளியை ஒரு மணி நேரம் வரை நீட்டலாம். ஆனால் லைன் அலர்ட்டுக்கு அது தீர்வே இல்லை, அது மோடம் வழியாகத்தான் போக வேண்டும். ஜாபிக்ஸ் சர்வரே விழுந்தால் யார் சொல்வது என்பதற்கு வெளியே ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (வாடகை சர்வரில்) அப்டைம் கூமா என்ற எளிய கண்காணிப்பு சாஃப்ட்வேர் போட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தட்டச் சொல்லியிருக்கிறேன். தட்டு நின்றால் அது எனக்குச் சொல்லும்.

இன்னொரு குறை, கூட்டிச் சொல்லத் தெரியாது. இரண்டாம் யூனிட்டில் கரன்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் அங்கே இருக்கும் இருபத்து மூன்று சாதனத்துக்கும் இருபத்து மூன்று செய்தி. ப்ரோமிதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு சாஃப்ட்வேரோடு சேர்த்துப் பயன்படுத்தும் அலர்ட்மேனேஜர் இதையெல்லாம் ஒரே செய்தியாகக் கட்டித் தரும், சற்றுக் காத்திருந்து சேர்த்து அனுப்பும். ஜாபிக்ஸில் டிபென்டென்சி வைக்கலாம், சுவிட்ச் விழுந்திருந்தால் அதன் பின்னால் இருப்பவற்றுக்கு அலர்ட் வேண்டாம் என்று. வேலை செய்கிறது, ஆனால் ட்ரிகருக்கு ட்ரிகர் கோர்க்க வேண்டும், நாகியோஸில் ஹோஸ்ட்டுக்கு இதுதான் பேரன்ட் என்று ஒரே வரியில் எழுதியது மாதிரி இல்லை. அதிலும் சுவிட்ச் விழுந்ததைக் கண்டுபிடிக்கும் முன்பே அதன் பின்னால் இருக்கும் கேமரா விழுந்ததைக் கண்டுபிடித்துவிட்டால் கேமராவுக்கு முதலில் செய்தி போய்விடும். முதல் படியைக் காலியாக விட்டு இரண்டாம் படியிலிருந்து அனுப்பச் சொல்லி, படிக்கு ஒரு நிமிடம் வைத்துச் சமாளிக்கிறேன். ஒரு நிமிடத் தாமதம், இருபது செய்தி மிச்சம்.

வைத்துக்கொள்ளலாமா என்றால், ஆறு பேருக்கு ஆறு விதமாக அனுப்ப வேண்டிய இடத்துக்குத் தாராளமாக. நீங்கள் ஒருவர் மட்டும், பத்து வெப்சைட் என்றால் வேண்டாம், அப்டைம் கூமா போதும். போடுவதாக இருந்தால் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஆள், நேரம், வழி, எது வரக் கூடாது என்று எழுதிக்கொண்டு உட்காருங்கள். நான் அந்தத் தாளை மூன்றாம் மாதம்தான் எழுதினேன், எழுதியபோதுதான் பேக்கப் தோற்றால் யாருக்குமே போகவில்லை என்பது தெரிந்தது.

போன வாரம் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, யுபிஎஸ் சமாச்சாரம் போன்ல வருதுல்ல, அதே மாதிரி ஜெனரேட்டர்ல டீசல் கொறஞ்சாலும் வர வெக்க முடியுங்களா?" என்றார். டேங்க்குக்கு சென்சார் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.